ஆவணி பன்னிரண்டாம் தேதித் தாள்

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்றிலிருந்து இந்த நோட்டில்தான் எழுதப் போகிறேன். கணினியில் எழுதுவதை நிறுத்தியாயிற்று. காகிதத்தை யாராவது எடுத்துப் படித்தால் வைத்த இடம் மாறியிருக்கும், தெரிந்துவிடும். கணினி காட்டிக்கொடுக்காது.

செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருட வேலை. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கிவிட்டேன். மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது.

குடும்ப நீதிமன்றம் வரை போய், பிறகு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு அதே கணவனோடு வாழ்கிற பெண்களைப் பற்றிய ஆய்வு. அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, பேசியதைப் பதிவு செய்திருக்கிறேன். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒலிப்பதிவுகள், தட்டச்சு செய்தவை, ஐந்தாம் ஆறாம் இயல்களின் வரைவு எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்க்கில், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கின்றன. ஒரே பிரதி. இரண்டு பிரதி என்றால் கசிவதற்கு இரண்டு வழி. அந்தப் பெண்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வாரத்தில் நான்கு நாள் முப்பிடாதி வருகிறாள். கோர்ட் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தவள். இரண்டு வருடமாக என்னிடம் வேலை. அறுபது முடித்துவிட்டாள். 12, 31, 50 மூன்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த மூன்று பேரும் "நீங்க மட்டும் கேளுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டவர்கள்.

மாலை கல்லூரிப் பேருந்தில் ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆய்வு எப்படிப் போகிறது என்று கேட்டாள். தூங்கிவிடாமல் இருக்க ஏதாவது பேச வேண்டும். 31 பற்றிக் கொஞ்சம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனக்கென்று யாருக்கும் தெரியாமல் பிடித்து வைத்திருக்கும் அறைக்குப் போய், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிற பெண். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. ஹெலன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தோசை மாவு புளித்துவிட்டது. நாளை ஊத்தப்பம்தான்.

ஆகஸ்ட் 28, திங்கள்

31 வெளியே போய்விட்டது.

மதியம் ஆசிரியர் அறையில் கணக்குத் துறை வனஜா சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாள். "எங்க சொந்தத்துல ஒருத்தி சொன்னா. ஒரு அம்மா வெளக்குப் போடுதேன்னு போயி லெமன் ஜூஸ் குடிச்சிட்டு வாராளாம்." எல்லோரும் சிரித்தார்கள். ஹெலன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மாதிரி வம்புகளில் ஆர்வம் கிடையாது.

சொந்தத்தில் ஒருத்தி. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. வெளியில் இதைத் தெரிந்தவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தபோது முப்பிடாதி கடைசியாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"முப்பத்தொண்ண யார்ட்ட சொன்ன?"

"முப்பத்தொண்ணா? மேடம், நான் அந்த..."

ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவிடவில்லை. அவளுடைய பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே குடை, டிபன் பாக்ஸ், மகளின் ரேங்க் கார்டு, ஒரு பென் டிரைவ்.

"இதுல என்ன?"

"நான் அடிச்சதெல்லாம் ஒரு காப்பி மேடம். டிஸ்க்கு ஒண்ணுதான கெடக்கு, கீழ கீழ விழுந்துட்டா என்ன செய்யன்னு... ஒண்ணு தனியா இருந்தா நல்லதுலா."

"யாரக் கேட்டு எடுத்த?"

நானே அதைக் கணினியில் செருகி, பட்டியலைக்கூடப் பார்க்காமல் மொத்தமாக அழித்தேன். பிறகு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, "ஐம்பத்தாறுல ரெண்டு எடத்துல கேக்கல, புள்ளி வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குற்றமில்லாதவள் இவ்வளவு அமைதியாகப் போவாளா?

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.

என் முறை யாருக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது. தினசரி காலண்டர்த் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன் போட்டிருப்பார்கள் அல்லவா? இடது பக்கம் மேஷத்திலிருந்து கன்னி வரை ஆறு ராசி. அந்த ஆறு சொல்லையும் மேலிருந்து கீழாக ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்து, கடைசியில் தமிழ்த் தேதி. எவ்வளவு பெரிய கணினியாலும் ஊகிக்க முடியாது. மாற்றும் நாளின் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டால் போதும், எங்கும் எழுத வேண்டியதில்லை. எழுதினால்தானே திருட முடியும்.

இன்றைய தேதி ஆவணி 12.

தாளைப் பூஜை அலமாரியில் உள்ள பழைய தாள் கட்டில், நடுவில் வைத்திருக்கிறேன். விபூதி மடிக்க இவர் சேர்த்து வைக்கிற கட்டு. நூறு தாளில் ஒரு தாள். எவன் கண்டுபிடிப்பான்?

ஒன்று மட்டும் மனதில் இடறுகிறது. செல்வக்கனி ஸ்டோர்ஸில் ஜனவரியில் இரண்டு காலண்டர் கொடுத்தார்கள். ஒன்றை முப்பிடாதிக்குக் கொடுத்தேன். ஆனால் என் முறை அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

செப்டம்பர் 1, வெள்ளி

கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வருகிறது. பதினான்காம் தேதி வரை எல்லோருக்கும் கோப்பு வேலை. ஏழு வருடத்துச் சுற்றறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்க வேண்டுமாம். ஆய்வைத் தொடவே நேரம் கிடைக்காது. மூன்று நாளாகத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் திறந்தேன். மனப்பாடம் ஆகிவிடும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இவர் ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போய்விட்டு வந்தார். பன்னீர் இலையில் விபூதி. ஒரு பெரிய பாலிதீன் பையிலும் விபூதி. எனக்குக் கால் வலி. கோப்பு அறையில் நாள் முழுக்க நின்ற வலி. படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

குழு போய்விட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். தாளை எடுக்கப் பூஜை அலமாரிக்குப் போனேன்.

கட்டு இல்லை. ஒரு தாள்கூட இல்லை.

செப்டம்பர் 15, மாலை

இவர் அலுவலகத்திலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"அங்க இருந்த தாள் கட்டு எங்க?"

"எந்தத் தாளு?"

"விபூதி மடிக்கிற தாள்."

"விபூதிதான் மடிச்சேன். தெருவுல எல்லாருக்கும் குடுத்தேம்லா, நீ பாக்கலியா? ஆபீஸ்லயும் ஒரு எண்பது பேருக்கு. ஏன் உலகு, கிழிச்ச தாள்ல என்ன கெடக்கு?"

என்ன கிடக்கிறதென்று சொல்லவில்லை. சொன்னால் என் முறை தெரிந்துவிடும்.

நூறு தாளையும் ஒரே நாளில் தீர்ப்பானேன்? வருடா வருடம் திருச்செந்தூர் போகிறார். ஒரு வருடமாவது தெருவுக்கெல்லாம் பொட்டலம் போட்டுக் கொடுத்திருக்கிறாரா? போன மாதம் சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இந்தப் பட்டம் வாங்காட்டி சம்பளத்தக் கொறச்சிருவானா? ஒடம்பப் பாரு." அப்போது அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

நினைவில் இருப்பது: மூன்றாவது சொல் பிரிவு, நாலாவது அலைச்சல். கடைசியில் 12. மீதி நான்கு தெரியவில்லை.

செப்டம்பர் 16, சனி

கணினி பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசினேன். வேறொருவருடைய டிஸ்க் மாதிரி கேட்டேன்.

"பாஸ்வேர்டு இல்லாம அதத் தொறக்க முடியாது மேடம். தொறக்கக் கூடாதுன்னுதான அப்படிச் செஞ்சிருக்கான். பேக்கப் இருக்கா அவங்கட்ட?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு இருந்தது. அழிச்சிட்டாங்க."

"யாரு அழிச்சா?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். எதற்கு இவ்வளவு கேள்வி கேட்கிறார்?

செப்டம்பர் 17, ஞாயிறு

தெருவில் இறங்கிவிட்டேன். வேறு வழியில்லை. பத்தொன்பது வீடு.

எதிர்வீட்டுப் பிரமு மைனிதான் முதல். "மைனி, அவர் குடுத்த விபூதிப் பொட்டலம் இருக்கா? அந்தத் தாள் மட்டும் வேணும். விபூதிய வேற தாள்ல மாத்தித் தந்துருதேன்."

பிரமு மைனி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமி விபூதியத் திருப்பிக் கேக்க ஆள இப்பதான் பாக்கேன். என்ன, அண்ணாச்சி தாளுக்குள்ள வைரம் கிய்ரம் வச்சிட்டாகளோ?"

"அதெல்லாம் இல்ல. ஒரு கணக்கு எழுதி வச்சிருந்தேன்."

"கணக்கா? அப்பம் சரி. உள்ள வா, டப்பாவுல கெடக்கும்."

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொய். பொட்டலங்களில் பதினான்கு கிடைத்தது. விரித்துப் பார்த்தால் வைகாசி, ஆனி, சித்திரை, ஆடி. ஆவணி 12 இல்லை. மீதி ஐந்து வீட்டில் விபூதியைச் சம்புடத்தில் கொட்டிவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இவர் அலுவலகத்தில் கொடுத்த எண்பதை எப்படிக் கேட்பது?

வீடு திரும்பும்போது பிரமு மைனி தன் கணவரிடம் சொல்வது காதில் விழுந்தது: "அந்த டீச்சருக்கு ரொம்பப் படிச்சி என்னமோ ஆயிட்டு."

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு வெடித்துப் போயிற்று. இவர் அதிலேயே நான்கு சாப்பிட்டார். பூஜை அலமாரியில் நேற்றுவரை கிழித்த எட்டுத் தாள்களைப் புதிதாக அடுக்கி, மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். எனக்காகத்தான் இருக்க வேண்டும். வேறு எதற்காகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 20, புதன்

செல்வக்கனி ஸ்டோர்ஸ். கல்லாவில் அண்ணாச்சியே இருந்தார்.

"இந்த வருசக் காலண்டரா? அது பொங்கலுக்கு முந்தியே தீந்துட்டே டீச்சர்! செப்டம்பர்ல வந்து கேக்கீங்க?" என்றார். சிவகாசி ஏஜெண்டிடம் தொலைபேசியில் கேட்டும் பார்த்தார். அங்கே அடுத்த வருட வேலை நடக்கிறது, பழையது ஒன்றும் கிடையாது. அவர் கடைச் சுவரில் தொங்கியதைப் பார்த்தேன். செப்டம்பர் 20. ஒழுங்காகக் கிழித்து வைத்திருக்கிறார்.

வரும் வழியில் மருந்துக் கடை, டெய்லர் கடை, ரேஷன் கடை, எல்லாச் சுவரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் இன்றைய தேதி. இந்த ஊரில் எல்லோருக்கும் என்ன இவ்வளவு அவசரம், காலையில் எழுந்தவுடன் நேற்றைக் கிழித்துப் போட?

வேறு கம்பெனிக் காலண்டர் ஒன்றை நூலகத்தில் கிழிக்காமல் திருப்பி வைத்திருந்தார்கள். ஆவணி 12 பார்த்தேன். மூன்றாவது சொல் பிரிவு இல்லை, சுகம். கம்பெனிக்குக் கம்பெனி பலன் வேறு. எனக்கு வேண்டியது செல்வக்கனி ஸ்டோர்ஸ் காலண்டர்தான்.

செப்டம்பர் 21, வியாழன்

நான்கு சொல். பயம், நட்பு, சினம், உதவி, வரவு, பகை, கவனம், தடை, வெற்றி, ஓய்வு, பரிசு, கவலை. இவர்கள் பயன்படுத்தும் சொற்கள் ஒரு எழுபது இருக்கும். மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருந்தேன். முந்நூறு முறைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே வரி: தவறான கடவுச்சொல்.

மதியம் நெறியாளர் தொலைபேசினார். "ஐந்தாம் இயல் எப்பம்மா வரும்?" வருகிறது சார் என்றேன். அறுபத்து மூன்று பேரை மறுபடி போய்ப் பார்க்க முடியுமா? எட்டுப் பேர் வீடு மாறிவிட்டார்கள். இரண்டு பேர் உயிரோடு இல்லை. அவர்கள் குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

செப்டம்பர் 22, வெள்ளி

முப்பிடாதி வீட்டிலும் கிழித்திருப்பார்கள். போய்ப் பிரயோசனம் இல்லை.

செப்டம்பர் 23, சனி

இவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உலகு, ஒண்ணு கேக்கட்டா? என்ன தொலஞ்சுதுன்னு சொல்லாண்டாம். அது வேற யார்ட்டயாவது இருக்கா, அத மட்டும் சொல்லு."

"இருக்கலாம்."

"அப்பம் போயிக் கேக்க வேண்டியதுதான?"

"கேக்க முடியாத ஆள்."

"ஏன், சண்டையா?"

"நான் போட்ட சண்டை."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வேட்டி நுனியில் வெள்ளையாக விபூதி ஒட்டியிருந்தது. தெருவெல்லாம் எனக்காக வேண்டிக்கொண்டுதான் கொடுத்தாராம். அதைப் பிரமு மைனிதான் சொன்னாள், இவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

கொக்கிரகுளம். ஆற்றங்கரைப் பக்கம் உள்ளே நுழைகிற சந்து. இரண்டு வருடம் என் வீட்டுக்கு வந்தவள். அவள் வீடு எங்கே என்று இன்றுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முப்பிடாதி கதவருகே மிளகாய் வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்தாள்.

"வாங்க மேடம். ஐம்பத்தாறு விசயமா?"

"இல்ல. உங்க வீட்டுக் காலண்டரைப் பாக்கணும்."

இதற்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

ஒற்றை அறை. மகள் தரையில் படுத்து வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் செல்வக்கனி ஸ்டோர்ஸ். பெரிய எழுத்தில் 28. ஆகஸ்ட். ஆவணி 11. திங்கள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"காலைல வேலைக்குக் கெளம்பும்போது கிழிப்பேன் மேடம். அதான் வழக்கம்" என்றாள் முப்பிடாதி. "அதுக்கப்புறம் கெளம்பல. கிழிக்கணும்னு தோணல."

மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நான் கிழிக்கப் போனா ஏசுதாங்க டீச்சர்."

"அந்த அடுத்த தாள் எனக்கு வேணும் முப்பிடாதி."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன்: ஆறு சொல், தாள் கட்டு, பொட்டலம், பிரமு மைனி. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கடவுச்சொல் முறையை ஒருவரிடம் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே நீளக் காம்புள்ள ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

"கிழிச்சிராதீங்க. மேல உள்ளதத் தூக்கிட்டு எழுதிக்கிடுங்க. அது அங்கயே கெடக்கட்டும்."

28-ஐ விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் எழுதினேன். கடைசிச் சொல்லை எழுதும்போது பேனா ஓடவில்லை. மகளின் பென்சிலை வாங்கி எழுதினேன்.

வாசலுக்கு வந்த பிறகு, "என்னை மன்னிச்சிரு" என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேண்டாம் மேடம்" என்றாள். "முதல்ல போயித் தொறங்க. தொறந்து, முப்பத்தொண்ண யாரு டைப் அடிச்சிருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம் வாங்க."

செப்டம்பர் 25, திங்கள்

நட்பு. சினம். பிரிவு. அலைச்சல். உதவி. வரவு. 12.

இங்கேயே எழுதிவிட்டேன். எழுதினால் திருடுவார்கள் என்றால் திருடட்டும்.

திறந்தது.

அவள் சொன்னதைத்தான் முதலில் பார்த்தேன். 31: ஒலிப்பதிவு மட்டும். தட்டச்சுக் கோப்பு இல்லை. 12-க்கும் இல்லை. 50-க்கும் இல்லை. அந்த மூன்றையும் நான் அவளிடம் கொடுக்கவே இல்லை. நான் தட்டச்சு செய்யவும் இல்லை. இந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். அதே பக்கத்தில், பத்து வரி கீழே, பேருந்து.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அதைக் குடித்தவள்.

ஆகஸ்ட் 28 அன்று வனஜா பேசும்போது ஹெலன் ஏன் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியாதா? தெரியாது என்று எழுதப் போனேன். எழுத வரவில்லை.

மாலை இரண்டு பிரதி எடுத்தேன். டிஸ்க் என்னிடம். ஒன்று இவர் அலுவலகப் பீரோவில். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் போனேன்.

"நான்தான் சொன்னேன். காலேஜ் பஸ்ல."

"தெரியும் மேடம்" என்றாள் முப்பிடாதி. "என்கிட்ட இல்லாதத நான் எப்படி வெளிய சொல்ல? அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"இத உன்கிட்ட வச்சுக்கிடுதியா? பூட்டித்தான் இருக்கு."

பென் டிரைவை வாங்கிப் பார்த்தாள். பிறகு அடுப்பு மேடைப் பக்கம் திரும்பினாள்.

"என்ன மேடம் பூட்டு? சாவி என் வீட்டுச் சுவத்துலதான தொங்குது."

அப்போதுதான் சிரித்தாள். வேலைக்கு வரச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்றைக்கும் காலண்டர் 28-இல்தான் இருந்தது.

செப்டம்பர் 26, செவ்வாய்

மூன்று மணி வரை காத்திருந்து 31-க்குத் தொலைபேசினேன். ராகு காலத்தில்தான் அவர் தனியாக இருப்பார்.

"சொல்லுங்க டீச்சர். இங்க யாருமில்ல, பேசலாம்." டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம் கேட்டது.

பேருந்தில் நடந்ததைச் சொன்னேன். வனஜா சொன்னதையும் சொன்னேன். ஸ்பூன் நின்றுவிட்டது.

"அதானா" என்றார். "போன வாரம் எங்க வீட்டுக்காரர் தங்கச்சி கேட்டா. 'என்ன மைனி, ஒங்க கோயில்ல ஜூஸும் குடுக்காங்களாமே'ன்னு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டா. நான் ஒண்ணும் வெளங்காத மாதிரி இருந்துட்டேன்."

"என்னை..."

"நான் பேசுனது எத்தன எடத்துல இருக்கு டீச்சர்?"

"மூணு இடத்துல."

"மூணுலயும் எடுத்துருங்க."

"எடுத்துருதேன். ஆய்வுலயும் வராது."

"சரி. வாயில கெடக்கத என்ன செய்யப் போறீங்க?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"அடுத்த வாரத்துல இருந்து நெசமாவே கோயிலுக்குத்தான் போணும் போல" என்றார். நாற்காலி நகரும் சத்தம். பிறகு வைத்துவிட்டார்.

என் டிஸ்க்கில் 31-ஐ அழித்தேன். இவர் அலுவலகத்துக்கு நடந்து போய் அங்கே இருந்ததில் அழித்தேன். முப்பிடாதியிடமும் அழிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் தொலைபேசினாள்: "அழிச்சிட்டேன் மேடம்." சரிபார்க்க வழியில்லை. சரி என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

முப்பிடாதி வந்தாள். பைண்டிங்குக்கு முன் கடைசிப் பக்க எண்களைப் பார்த்தாள். அறுபத்திரண்டு பேர் என்று எல்லா அட்டவணையிலும் திருத்தினோம். இரண்டு இடத்தில் 63 என்று விட்டுப்போயிருந்ததை அவள்தான் பிடித்தாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

மதியம் மூன்று இருபதுக்குக் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தினார்கள்.

செப்டம்பர் 30, சனி

கல்லூரி உண்டு. மாலைப் பேருந்தில் ஹெலன் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். வாழ்த்துச் சொன்னாள். பையிலிருந்து கேக் துண்டை எடுத்துக் கொடுத்தாள். நெல்லையப்பர் கோயில் நிறுத்தம் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏன் உலகு, அந்த லெமன் ஜூஸ் அம்மா உண்டா உன் தீசிஸ்ல?"

முன் இருக்கையில் வனஜா. காது இங்கேதான் இருந்தது.

"எந்த அம்மா?"

"அதான், ராகு காலத்துல ரூம்ல போயி உக்காருவாளே..."

"அதா" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். "அப்படி யாருமே கிடையாது ஹெலன். உனக்குத் தூக்கம் வரக் கூடாதுன்னு சும்மா கட்டிவிட்டேன்."

"ஐயே! நெசமாவா?"

"ஆமா. எவளாவது அப்படிச் செய்வாளா?"

வனஜா திரும்பிப் பார்த்தாள். ஹெலன் கேக் பேப்பரை நான்காக மடித்தாள். அவள் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பிடாதியின் பையைத் திறக்கச் சொன்னபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அப்பம்..." என்றாள் ஹெலன், "மத்த அறுபத்திரண்டும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திங்கட்கிழமைக்குள் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவாள்.

சொல்லட்டும்.